இருபத்து நாலாம் தேதிக்கு ஏழு பாட்டு

ஐந்து முடிவாகிவிட்டது.
ஐந்தும் போன வருஷத்தவை,
தாள்களில் போன வருஷத்து மெழுகு.

மீதி இரண்டுக்காகத்தான்
நவம்பர் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து
வெஸ்ட்ரியில் உட்கார்ந்தோம்.
"ஜனங்க கை தட்டுற மாதிரி ஒண்ணு" என்றார்
செயலர் வேதமாணிக்கம்.
சாலோமியும் சீபாவும்
நாலு குரலாய்ப் பிரியும் ஒன்றை
சேலம் நாலு ரோட்டில் ஜெராக்ஸ் எடுத்தே வந்துவிட்டார்கள்.
பதினெட்டுப் பிரதி.
கொண்டை ஊசி வளைவுகளில் ஒருத்தி வாந்தியெடுத்தும்
ஒரு தாள் நனையவில்லை.

நாலு குரல்.
எண்ணிப் பார்த்தேன்.
சோப்ரானோ ஒன்பது பேர்,
சத்தியமாய் சோப்ரானோ மூன்று பேர்.
ஆல்டோ இந்த இரண்டு சகோதரிகள்.
டெனர்கள் எல்லாம் டிசம்பர் முடிய
செடிக்கும் களத்துக்கும் நடுவில்.
பாட்டு காத்திருக்கும்,
சிவந்த காப்பிப் பழம் காத்திராது.
பேஸுக்கு ஆரோன்,
அதுவும் எஸ்டேட் ஜீப் கீழே இறங்காத இரவுகளில்.

நான் தபாலாபீசில் முத்திரை குத்துகிறவள்.
எது அழகு என்பதைவிட
எது போய்ச் சேரும் என்பதுதான்
எனக்குத் தெரிந்த கணக்கு.

ஆறாவது பாட்டை ஒபேதுக்காக எடுத்தேன்.
பதின்மூன்று வயது.
மூன்றாம் சரணத்தில் எல்லோரும் நிறுத்திவிட
அவன் மட்டும் மேல் ஷட்ஜத்துக்கு ஏறி
அங்கேயே நிற்க வேண்டும்.
போன வருஷம் நின்றான்.
ஆரோன் தன் வரியை மறந்து
வாய் திறந்தபடி இருந்தான்.

இரண்டாம் ஒத்திகையில், இருமல் என்றான்.
மூன்றாவதில் இருமல் இல்லை.
துருத்தியிலிருந்து கையை எடுக்காமலே பார்த்தேன்:
உதடுகள் ஒவ்வொரு எழுத்துக்கும் சரியாக அசைகின்றன,
ஒலி மட்டும் இல்லை.
எப்சிபாவின் சத்தத்துக்குப் பின்னால்
ஒளிந்து நிற்கிறது ஒரு பையனின் வாய்.
"மறுபடியும் பல்லவி" என்றேன்.

அன்றிரவு சுருதியை இறக்கிப் பார்த்தேன்.
இறக்கினால் பாட்டு படுத்துக்கொள்கிறது.
எப்சிபாவுக்குக் கொடுக்கலாம். கொடுத்தால்
அந்த இடம் வரும்போது அவன் எங்கே பார்ப்பான்?
பழைய நோட்டுகளைக் கட்டிலில் பரப்பினேன்.
ஒன்றில் தேவதூதர்கள் அதிகம்.
ஒன்றில் முழங்கால் வரை உறைபனி.
எங்கள் பனிக்கு முழங்கால் தெரியாது, முகம்தான் தெரியும்.
ஒன்றில் மரியாளைத் தவிர எல்லோருக்கும் பேச்சு.

பிறகு, யாருக்கும் பிடிக்காத ஒரு மேய்ப்பர் பாட்டு.
ஆறே வரி. அதன் அடியில்
முதலிலிருந்து கடைசி வரை
நகராமல் கிடக்கும் ஒரு கீழ்ச் சுரம்.
எங்கோ கேட்டிருக்கிறேன் இதை.

ஜன்னலைத் திறந்தேன்.
நாகலூர்ப் பக்கம் பல்ப்பர் ஓடிக்கொண்டிருந்தது,
பழத்தோலை உரித்தபடி.
காற்றில் ஈரமும் புளிப்பும்.
ஆர்மோனியத்தில் கட்டையைத் தேடினேன்,
கிட்டத்தட்ட அதே.

சனிக்கிழமை ஒபேதிடம் தனியாக எதுவும் பேசவில்லை.
பேஸில் ஆள் போதவில்லை,
ஒரே ஒரு சுரத்தை விடாமல் பிடிக்கிறவர் வேண்டும் என்று
பொதுவாகச் சொன்னேன்,
தாளைப் பார்த்துக்கொண்டே.
நாற்காலி இழுபடும் சத்தம்.

முதல் தடவை சுரம் உடைந்து மேலே ஓடியது.
சீபா சிரித்தாள்.
சாலோமி அவள் காலை மிதித்தாள்.
ஆரோன் அவன் முதுகில் உள்ளங்கையை வைத்து
"ஏத்தத்துல முதல் கியர், அவ்வளவுதான்டா" என்றான்.

நின்றது.
நடுங்கிக்கொண்டு, ஆனால் நின்றது.
அதன் மேல் ஒவ்வொருவராக
வந்து உட்கார்ந்தோம்.

இதற்கு யாரும் கை தட்டமாட்டார்கள் என்கிறார்
வேதமாணிக்கம்.
சரிதான்.
ஏழாவதை அவரே எடுத்துக்கொள்ளட்டும்,
கீபோர்டு, ரிதம் பெட்டி, எல்லாவற்றோடும்.

பதினெட்டுப் பிரதிகளுக்கும்
பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது.
அதில்தான் மேய்ப்பர் பாட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
மேல் வரிகளுக்குத்தான் நேரமாகிறது.
கீழ் வரிக்கு
ஸ்கேல் போதும்.