மண்டலம் மாற்றம்

சுற்றறிக்கையில் ஒன்றரை வரி:
அடுத்த ஆண்டிலிருந்து கோவில்பட்டி ஹாக்கி அணி
தூத்துக்குடி மண்டலத்தில்.

'சனியன் தொலைஞ்சுது வே' என்று
கேன்டீன் முழுக்க டீ சொன்னான் பூல்பாண்டி.
ஏழு வருசம், ஏழு இறுதியாட்டம்.
கடலைமிட்டாய்க்காரனுவ என்போம்,
காசுக்கு ஆள் பிடிக்கானுவ என்போம்,
அம்பயர் அவனுவ மாமன் என்போம்.
அம்பயர் சங்கரன்கோவில்காரர்; எங்களுக்கும் தெரியும்.

இந்த ஜனவரி கோப்பை பாளையங்கோட்டைக்கு வந்தது.
ஆறுக்குப் பூஜ்யம்.
கோல்கீப்பர் நான்,
கால்பேடில் மண்கூட ஒட்டாமல்
வண்ணார்பேட்டையில் பஸ் இறங்கினேன்.
எதிரே ஆடியது எந்தக் கல்லூரி?
அம்மா கேட்டதற்குச் சட்டென்று வாயில் வரவில்லை.

ராத்திரி பூல்பாண்டி போன் செய்தான்.
கோவில்பட்டி அங்கே அரையிறுதியிலேயே அவுட்டாம்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
'அவனுவ நம்மகிட்டல்லா வே
தோத்திருக்கணும்.'