எத்தனை அடி

நள்ளிரவுக்குள் பட்டியலைப் பூட்ட வேண்டும்.
மயக்கவியல் டிப்ளமோ இரண்டு வருசம்,
மூளை அறுவை ஆறு.

ராய்ப்பூரில் போர்வண்டி இரைச்சலுக்கு மேல்
கத்துகிறான் லோகு அண்ணன்:
“எடையில நிறுத்துனா?”
“அபராதம் கட்டோணும்.”
“எண்ணூறுல தண்ணி இல்லீன்னா
இன்னும் எறக்கட்டான்னு நாங்களே கேப்போம்.
காட்டுக்காரந்தான் சொல்லோணும்.
சாப்டியா?”
இல்லை என்று சொல்லவில்லை.

பெருந்துறை கேஷுவால்டியில்
பைபாஸில் விழுந்த பனியன் கம்பெனிப் பையன்.
ஒரு கண்மணி மட்டும் விரிந்திருந்தது.
கோவைக்கு எழுதிக் கொடுத்தேன்.
கதவு சாத்துமுன் அவன் அம்மா,
“இங்கயே தொறந்து பாக்க
ஆருமில்லீங்களா?”

ஆறை மேலே ஏற்றினேன்.
அப்புறம் இறக்கினேன்.
முடிக்கையில் முப்பத்திரண்டு.
அதற்குள் வட்டி
வயசுக்கு வந்துவிடும்.

பதினொன்று நாற்பது.
ஆறின் மேல் விரல் நிற்கிறது.
ஆம்புலன்ஸ் இன்னும்
விஜயமங்கலம் டோலைத் தாண்டியிருக்காது.