எழுபத்திரண்டில் ஒருத்தி

முதல் பாகத்தின் பதினோராவது நிமிடத்தில்
நான் செத்துப்போகிறேன்.

தளபதி வீட்டு முற்றம்.
கவிழ்ந்த தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால்
நீலப் பாவாடை, ஒரு கால்.
என் கால்தான்.
படத்தை நிறுத்திப் பார்த்தால் தெரியும்.
செருப்பு மட்டும் கம்பெனியுடையது.

ஹெங்தியனில் பிணமாகக் கிடந்தால்
கூலிக்கு மேல் ஒரு சிவப்பு உறை உண்டு,
கெட்டது ஒட்டாமலிருக்க.
உள்ளே பத்து யுவான்.
வெளியே வந்த கையோடு
அதற்கு நூடுல்ஸ் வாங்கித் தின்றுவிடுவேன்.
கெட்டது வயிற்றோடு போகட்டும்.

சர்க்கரைப் பாகில் கலக்கிய ரத்தம்.
எறும்பு வரும்.
கடித்தாலும் அசையக் கூடாது.
“அக்கா, மூச்சு தெரியுது!” என்று
உதவி இயக்குநர்ப் பொடியன் கத்துவான்.
பதில் நாக்கு நுனிவரை வரும்.
செத்தவள் பேசக் கூடாதே.

கதையில் எழுபத்திரண்டு பேர்.
அன்று படுத்திருந்தது பத்தொன்பது பேர்.
உடை மாற்றி, மூலை மாற்றி
நான் மட்டும் நான்கு முறை செத்தேன்:
சமையற்காரியாக, செவிலித்தாயாக,
விளக்கேற்றுகிறவளாக,
கடைசியில் தாடி ஒட்டிய காவலாளியாக.
தாடி பசை இன்னும் அரிக்கிற மாதிரி இருக்கிறது.

கிணற்றுக்குள்ளிருந்து
எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறாள்
ஒன்பது வயதுப் பெண்.
இரண்டாம் பாகத்தில் வளர்ந்து,
வேறு பெயரில்,
மந்திரி வீட்டுக்கே தேநீர் ஊற்றப் போகிறாள்.
குனிகிறாள். ஊற்றுகிறாள்.
கை நடுங்கவில்லை.

“இவளுக்கு வேற வேலையே இல்லையா?”
அறைத்தோழி யுன்ஷியா
கால்நகம் வெட்டிக்கொண்டே கேட்டாள்.
இல்லைதான்.
வாடகை கட்ட வேண்டாம் அவளுக்கு.
பல்வலி வராது.
ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று
அவளை யாரும் சமாதானம் பண்ண மாட்டார்கள்.
நாற்பத்தெட்டு பாகமும் ஒருத்தி
என் சாவையே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.
பனி பெய்கிறது, நினைக்கிறாள்.
பட்டத்து இளவரசன் பேரிக்காய் நீட்டுகிறான்,
வாங்கிக்கொண்டு நினைக்கிறாள்.
எனக்காக இவ்வளவு நேரம்
எவரும் கோபமாக இருந்ததில்லை.

ஷான்சிப் பக்கம் ஒரு சுரங்கம்.
சரிந்த அன்று செய்தியில்
ஒன்பது பேர் என்றார்கள்.
ஒன்பது மலர்வளையம், ஒன்பது நாற்காலி.
பதிவேட்டில் ஏறாதவர்கள் இன்னும் இரண்டு பேர்.
என் தம்பி குய்ஷெங்
பத்தாவதோ பதினொன்றாவதோ.
உறை வந்தது.
சிவப்பு இல்லை, பழுப்பு.
யாரிடமும் பேச மாட்டோம் என்ற தாளில்
நான் கையெழுத்துப் போட்டேன்.
அப்பா எச்சில் தொட்டு
இரண்டு தரம் எண்ணினார்.
பிறகு கூரை மாற்றினோம். நல்ல கூரை.
மழைக்கு இப்போது ஒழுகுவதில்லை.

நேற்றிரவு கடைசி பாகம்.
மந்திரி மண்டியிட்டுக் கேட்கிறான்:
“யார் நீ?”
அப்பா பெயர், அம்மா பெயர்,
அண்ணன்மார் மூவர் பெயர் சொல்கிறாள்.
சமையற்காரி பெயரைச் சொல்லவில்லை.
சொல்லவும் முடியாது,
எழுதினவனே வைக்கவில்லை.
ஆனால் கொஞ்சம் நிறுத்தி,
மூச்சை உள்ளே இழுத்துச் சொன்னாள்:
“ஆக, எழுபத்திரண்டு உயிர்.”

எழுபது என்று முடித்திருக்கலாம்.
யார் கேட்கப்போகிறார்கள்?

போனில் பத்து நொடி பின்னால் தள்ளினேன்.
எழுபத்திரண்டு.
மறுபடியும் தள்ளினேன்.
யுன்ஷியா புரண்டு படுத்து,
அணைத்துத் தொலையேன் என்றாள்.

காலை ஐந்துக்கு வேன்.
வேறு தொடர், வேறு வம்சம்.
ஒரு ஊரையே எரிக்கிறார்களாம்,
முந்நூறு பேர்.
“நிற்கிற ஆளா, பிணமா?”
பட்டியல்காரன் கேட்டான்.
பிணம் என்றேன்.
“முந்நூறையும் கடைசியில் சொல்வார்களா?”
அவனுக்குப் புரியவில்லை.
தொப்பி அளவு கேட்டான்.