ஆறு நிமிடம்

முப்பது மீட்டர் தாழ்வாரம்.
இந்த முனையில் ஓர் ஆரஞ்சுக் கூம்பு,
அந்த முனையில் இன்னொன்று.
பெர்னடெட்டா கடிகாரத்தை அமுக்கி
‘உங்கள் வேகத்தில் நடங்கள்’ என்கிறாள்.
என் வேகம் எது என்று
யாரைக் கேட்பது?

கால்களுக்கு அறுபத்தாறு வயது.
இடது முழங்காலுக்கு இன்னும் கொஞ்சம் கூட.
ஸ்டீராய்டில் நடுங்கும் விரல்களுக்கு எண்பதாவது இருக்கும்,
தேநீர்க் கோப்பையைக் கேட்டால் சொல்லும்.
நெஞ்சுக்குள் இருப்பதற்கு மட்டும்
வயது சொல்ல மாட்டார்கள்.
‘உங்களைவிட இளையது’,
அவ்வளவுதான்.
சாப்ஜே நகரத்தில்
என்னைவிட இளையது என்றால்
முக்கால் ஊர்.

புது இதயத்தில் நரம்பு கிடையாது என்று
மருத்துவர் படம் போட்டு விளக்கினார்.
அறுபட்டவை முளைக்க வருடங்கள் ஆகுமாம்,
முளைக்காமலும் போகுமாம்.
ஆகையால் நான் நடக்கத் தொடங்குவது
அதற்கு உடனே தெரியாது.
சேதி இரத்தத்தில் கரைந்து
மெல்லப் போய்ச் சேர வேண்டும்.
முதல் இரண்டு நிமிடம் கால்கள் தனியாக நடக்கின்றன.
மூன்றாவதில்தான் அது விழித்து
‘அட, கிளம்பியாயிற்றா’ என்று
பின்னால் ஓடி வருகிறது.
நான் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும்
அது நடந்துகொண்டே இருக்கிறது.

படம் முடியுமுன் சொன்னேன்:
தெரியும், டாக்டர்.
இருபத்தெட்டு வருடம் டிராம் ஓட்டினவள் நான்.
பதினேழு டன் இரும்பு
நெம்புகோலைத் தள்ளியதும் பாயாது,
பிரேக்கை மிதித்ததும் நிற்காது.
இலையுதிர் மாதங்களில் தண்டவாளம் வழுக்கும்,
மணல் தூவினால்தான் சக்கரம் பிடிக்கும்.
இறங்குகிறவர்களின் நிறுத்தத்தை
முந்தைய திருப்பத்திலேயே நினைத்துவிட வேண்டும்.

அதே வாரம் அடுத்த அறையில் டோபியாஷ்.
இருபத்திரண்டு.
பிறவியிலேயே பழுது.
விளையாட்டு வகுப்பில்
எல்லோருடைய பைகளுக்கும் காவல் இருந்தவன்.
முதல் மாதம் எனக்கு முன்னூற்றுப் பத்து மீட்டர்,
அவனுக்கு இருநூற்று அறுபது.
பெயர் மாறிவிட்டதோ என்று
தாளைத் திருப்பிப் பார்த்தார்கள்.
என் கால்களுக்கு ஓடிய ஞாபகம் உண்டு:
பனியில் பள்ளிக்கூடத்துக்கு,
இறைச்சி வந்துவிட்டது என்ற சொல் கேட்டு வரிசைக்கு,
விடியற்காலை நாலு மணிக்குப் பணிமனைக்கு.
அவன் கால்களுக்கு நினைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.
இருபத்திரண்டு வயதில்
முதன்முறையாகக் கால் முளைத்தவன்.

நான்காம் மாதம் என்னைத் தாண்டினான்.
ஐந்நூற்று அறுபது.
கூம்பைச் சுற்றும்போது
சுவரில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடினான்,
ஓடக் கூடாது என்று பெர்னடெட்டா கத்தக் கத்த.
எனக்கு நானூற்றுப் பன்னிரண்டு.
அடுத்த மாதமும் நானூற்றுப் பன்னிரண்டு.
அதற்கடுத்து நானூற்று ஒன்பது.
‘வயதுக்கு நன்று’ என்று எழுதினாள்.
எந்த வயதுக்கு என்றேன்.
அவள் சிரித்தாள்.
நான் கேட்டது கேள்வி.

பொறாமைப்பட்டேன்.
அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டமில்லை.
கிடைத்தது என்னவோ
இருவருக்கும் ஒன்றேதான்:
யாரோ வீட்டில் ஒரு காலி நாற்காலி.
அவன் அதில் கிளம்புகிறான்.
நான் அதில் திரும்பி வருகிறேன்.
இப்படிச் சொன்னால் அழகாக இருக்கிறது,
ஆனால் மாடிப்படியில் மூச்சு வாங்கும்போது
அழகு ஒன்றும் இல்லை,
கைப்பிடிதான் இருக்கிறது.

இப்போதெல்லாம் கடைக்குப் போகுமுன்
கோட்டு, தொப்பி, முகக்கவசம் எல்லாம் மாட்டி
சமையலறையில் நின்ற இடத்திலேயே நடக்கிறேன்.
ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு.
உள்ளே இருப்பவருக்கு
முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறேன்.
கீழ்வீட்டு ஷிமிச்செக்
துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறார்.
இன்னும் ஒரு நிமிடம், ஐயா.
சேதி
போய்ச் சேரவில்லை.