நானூறு ரூபாய்க்குள்

கம்பெனி கொடுக்கிற கட்டர்
பிளாஸ்டிக் பட்டையில் பட்டதும்
பிஸ்கட் மாதிரி ஒடிகிறது.
போன மாதம் ஒடிந்த துண்டு
என் கண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டது.
மேனேஜர் பிளாஸ்திரி கொடுத்தார்.
புது கட்டரும் கொடுத்தார், அதே ஜாதி.

சம்பளத்துக்கு மறுநாள் லாங் பஜார்.
சீட்டு கட்டியாயிற்று, காஸ் சொல்லியாயிற்று.
பர்ஸின் உள்ஜிப்பில் நானூறு.
அதில் இருபது, காட்பாடிக்கு ஷேர் ஆட்டோ.
மிச்சத்துக்குள் ஒரு மடக்குக்கத்தி.

அதாவுல்லா பாய் கடையில்
கத்தி என்றதும் பையன் எடுத்துப் போட்டது
வாழைக்காய் சீவுகிற சாமான்.
அடுத்து அரிவாள்மணை.
"மடக்குறதா? உங்களுக்காம்மா?"
எனக்குத்தான்.
பார்சல் ஆபீஸில் ஒரு நாளைக்கு
இருநூறு கட்டாவது பிரிக்கிறேன்:
ஆம்பூர் ஷூ டப்பா,
வைத்தியம் முடிந்து வங்காளம் திரும்புகிறவர்கள்
சுற்றிச் சுற்றிக் கட்டி
அட்ரஸ் தப்பாகிக் திரும்பி வருகிற மூட்டை.

முதல் கத்தி தொண்ணூறு ரூபாய்.
டிராகன் படம், டார்ச், பாட்டில் திறக்கக் கொக்கி,
எல்லாம் இருந்தது, கத்தியைத் தவிர.
விரித்து நுனியைப் பிடித்து ஆட்டினேன்.
விழப்போகிற பால்பல்.

இன்னொன்றில் பித்தளையில் மயில்.
மடக்கினால் அலகு நடுவில் இறங்காமல்
ஒரு பக்கச் சுவரை உரசிக்கொண்டு போய் உட்கார்ந்தது.
மயிலுக்கு மட்டும் நூறு ரூபாய் இருக்கும்.

கண்ணாடி அலமாரியில் இருந்ததைக் கேட்டேன்.
ஆயிரத்து அறுநூற்றைம்பது.
பார்க்கக் காசு இல்லையே.
திறந்தேன், மூடினேன், திறந்தேன்.
நல்ல பீரோ சாத்துகிற சத்தம்.
இப்படித்தான் இருக்க வேண்டும் என்று
கட்டைவிரல் மனப்பாடம் செய்துகொண்டது.
துடைத்துத் திருப்பி வைத்தேன்.

"விக்காம கெடக்குற பழைய சரக்கு இருக்கா பாய்?"

பையன் ஏணி ஏறினான்.
தும்மிக்கொண்டே இறங்கினான்.
கருப்பு மரப்பிடி, பிடியில் கீறல்.
பேர் இல்லை, படம் இல்லை.
அலகு என் நடுவிரல் நீளம், போதும்.
மூட்டில் ஆணி அடிக்காமல் திருகாணி போட்டிருந்தார்கள்,
தளர்ந்தால் முறுக்கிக்கொள்ளலாம்.
விரித்து, முதுகை மேசையில் தட்டினேன்.
இன்னும் பலமாகத் தட்டினேன்.
பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
பூட்டு விடவில்லை.
ஓரத்தில் கிடந்த பழைய பில் தாள்
இரண்டானது தெரியாமல் இரண்டானது.

"இது கருக்கும்மா. தெனம் தொடைக்கணும்,
எண்ணெ காட்டணும். துருவே புடிக்காதுன்னு
நான் பொய் சொல்ல மாட்டேன்."
பாதி முடிவு அந்த இடத்திலேயே ஆகிவிட்டது.

நானூற்று முப்பது என்றார்.
கீறலைக் காட்டினேன்.
நானூற்றுப் பத்து.
தூசியைக் காட்டினேன்.
நானூறு.
அதற்குமேல் காட்டக் கீறல் இல்லை
என் முகத்தில் இருந்ததைத் தவிர.
அதைக் காட்டவில்லை.

கத்தியைக் கையில் தரவில்லை அவர்.
கல்லாப்பெட்டி மேல் வைத்தார், எடுத்துக்கொண்டேன்.
கைமாறினால் சண்டை வருமாம்.
காசையும் அப்படியே வைத்தேன்.

பாலத்தில் நாலு ஆட்டோ நின்று நின்று கேட்டது,
காட்பாடி காட்பாடி.
பாலாற்றில் ஒரு லாரி கழுவுகிற அளவுக்குத் தண்ணீர்.
பைக்குள் கையை விட்டு
மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.
மூடித்தான் இருந்தது, ஒவ்வொரு தடவையும்.

மறுநாள் கோதண்டம் கேட்டான்:
"எவ்ளோ?"
சொன்னேன்.
"முப்பது ரூபாய்க்கு வூட்டுக் கத்தி கெடைக்குமே!"
பட்டையை முகத்துக்கு எதிர்ப்பக்கமாய் இழுத்துப் பிடித்தேன்.
வெட்டியதற்குச் சத்தமே இல்லை.
பட்டை மட்டும் தரையில் சுருண்டு கிடந்தது.

"குடு, பாப்போம்."

கையில் தரவில்லை.
மடக்கி எடை மெஷின் மேல் வைத்தேன்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் யோசித்து நின்றன.
தொண்ணூற்று நாலு கிராம்.
அரைக் கிலோவுக்குள் எதுவானாலும்
எங்கள் ஆபீஸில் ஒரே ரேட்தான்.