லிட்டருக்கு எத்தனை

அரௌசா விரிகுடாவின் ஒரு மிடறு நீர்
அயோடின் குடித்துத் தேநீர் நிறமாகி
இரவெல்லாம் கண்ணாடிக் கிண்ணத்தில் படிந்துகிடந்தது.
காலை ஏழுக்குக் கண் வைக்கிறேன்.

முதலில் டயாட்டம்கள், சங்கிலி சங்கிலியாய்,
கண்ணாடியில் செய்த மாத்திரைப் பெட்டிகள்,
மூடி ஒரு மயிரிழை பெரிது, அடி சிறிது.
இன்றைக்கு இவற்றால் தொல்லையில்லை.
தாண்டிப் போகிறேன்.

பிறகு அது.
கழுத்தில் விசிறிமடிப்புக் காலர்,
இடுப்போரம் விரித்த பாய்.
டைனோஃபிசிஸ்.
ஒன்று. ஓரமாய் இன்னொன்று.
கட்டைவிரல் எண்ணியை அழுத்துகிறது.

இதையே உயிரோடு நீல ஒளியில் வைத்தால்
வயிற்றில் ஆரஞ்சுக் கனல் தெரியும்.
சொந்தக் கனல் இல்லை.
மீசோடினியம் என்ற குற்றிழை உயிரியின் உடம்பில்
குழல் செருகி உறிஞ்சியது.
மீசோடினியமும் யோக்கியமில்லை:
கிரிப்டோ பாசியிடம் பசுங்கணிகத்தைப் பறித்தபோது
அதை ஓட்டத் தெரிந்த உட்கருவையும்
கூடவே கடத்திவந்தது.
அந்தப் பாசியின் மூதாதை
ஒரு சிவப்புப் பாசியை விழுங்கிச்
செரிக்க மறந்தது.
அதற்கும் முன்னால் ஒரு விழுங்கல் உண்டு.
இத்தனை கை மாறியும்
வெயில் பட்டால் சர்க்கரை சமைக்கிறது,
யார் வீட்டு அடுப்பு என்று கேட்காமல்.

மேசை அதிர்ந்தது. பிராயிஸ், என் தம்பி.
யூகலிப்டஸ் கட்டைகளிலிருந்து
ஐந்நூறு கயிறு தொங்கும் சிப்பித் தெப்பம் அவனுடையது.
அப்பா போனபின் பாதி என் பெயரில்.
"உஷீயா, வியாழக்கிழமை லாரி வருது.
தண்ணி எப்படி?"

தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது.
நிறமில்லை, நாற்றமில்லை.
சிப்பிகளுக்கும் ஒன்றுமில்லை;
வடிகட்டுகின்றன, கொழுக்கின்றன.
தின்றவன் வயிற்றில்தான் கணக்குத் தீரும்.

"இன்னும் எண்ணி முடியலை," என்றேன்.
உண்மைதான். மூன்று வரிசை பாக்கி.

கடைசி வரிசையில் ஒன்று
இரட்டையாய்க் கிடந்தது,
பிரிந்தும் பிரியாமலும், முதுகோடு முதுகு ஒட்டி.
அரைமணி முன்பு பிறந்ததோ,
அயோடின் பட்ட நொடியில் பிறந்துகொண்டிருந்ததோ.
ஒன்று என்று எழுதினால் யாருக்குத் தெரியும்.

இரண்டு முறை அழுத்தினேன்.

எண்ணைப் படிவத்தில் எழுதி
மாடிக்கு அனுப்பிவிட்டேன்,
சிப்பியின் சதையை அரைத்துப் பார்க்கும் அறைக்கு.
இனி அவர்கள் சொல்வதுதான் சட்டம்.

போன் மறுபடி அதிர்கிறது.
கிண்ணத்தில் படிந்ததெல்லாம்
இம்மி நகர்ந்து, திரும்ப உட்காருகிறது.