இரண்டு மணிக்கொரு சொட்டு

வலக்கண்ணில் புது வில்லை வைத்த ஒன்பதாம் நாள்
காரைக்குடி டாக்டர் சொன்னார்,
"படிக்கலாம், கொஞ்சமா."

படிக்க எடுத்தது
பரணில் தகரப் பெட்டிக்குள் கிடந்த வாரப் பத்திரிகை.
எழுபத்தொன்று, ஆவணி.
விலை நாற்பது காசு.
நடுப் பின் துருவேறி
இரண்டு பக்கமும் கறை.

இடக்கண்ணை மூடினால் தாள் வெள்ளை,
கொஞ்சம் நீலம்கூட.
வலக்கண்ணை மூடினால் அதே தாள்
வடித்த கஞ்சி ஆறிப்போன நிறம்.
இத்தனை வருஷமாய் இதைத்தான்
வெள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டாம் பக்கம் என் கதை.
அச்சில் வந்தது அது ஒன்றுதான்.

என் கதை என்கிறேன்.
போட்டிருக்கும் பேர் 'உண்ணாமலை, கண்டனூர்.'
பெண் பேரில் அனுப்பினால் சீக்கிரம் போடுவார்கள் என்றான்
புதுவயல் அரிசி ஆலையில் என்னோடு கணக்கெழுதிய சாத்தப்பன்.
கல்யாணமாகி எட்டு மாதம்.
வீட்டில் ஒரு பேர் இருந்தது,
எடுத்துக்கொண்டேன்.

கதை இவ்வளவுதான்.
மலாயாவிலிருந்து வருகிறான் ஒருவன்.
காப்பியில் சீனி இல்லை.
அறைகிறான்.
கிணற்றடியில் போய் அழுகிறாள்.
ராத்திரி பெட்டியைத் திறந்து
அவன் ஒரு சேலையை எடுக்கிறான்.
கடைசி வரி எனக்கு இன்னும் மனப்பாடம்:
"அவள் கன்னம் சிவந்தது. அடியாலா, நாணத்தாலா?"

அந்தக் கேள்விக்குறிக்காக
விடிய விடிய விளக்கெரித்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்துத் திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கடிதம்.
'பெண் மனதைப் பெண்ணே அறிவாள்.'
டீக்கடை பெஞ்சில் நானும் சாத்தப்பனும்
கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

இடக்கண்ணால் படித்தேன்.
நடை நன்றாகத்தான் இருக்கிறது.
கிணற்றடியை மூன்றே வரியில் காட்டியிருக்கிறேன்,
ஈரக் கயிற்றின் வாடை உட்பட.

வலக்கண்ணால் படித்தேன்.
அவளுக்குப் பேரே வைக்கவில்லை.
அவனுக்கு இருக்கிறது, அவன் அப்பனுக்கு இருக்கிறது,
வந்த கப்பலுக்குக்கூட இருக்கிறது.
படம் போட்டவர் இடுப்பை நன்றாக வரைந்து
கன்னத்தைத் தலைமுடியால் மறைத்துவிட்டார்.

அந்தக் காலம் அப்படி என்று
ஒரு வாக்கியம் எல்லோர் கைவசமும் உண்டு.
நானும் எடுத்தேன்.
பாதி சொல்வதற்குள் மெய்யம்மை ஞாபகம் வந்தாள்.
இதே வளவில் மூன்றாவது பங்குக்காரர் மருமகள்.
அதே ஆவணியில், ஒரே ஓர் அடிக்கு,
சீர் வந்த பாத்திரம் அத்தனையும் விட்டுவிட்டு
ஒரு தூக்குச்சட்டியோடு பள்ளத்தூர் போனவள்
திரும்பவே இல்லை.
அந்தக் காலத்தில்தான் அவளும் இருந்தாள்.
சுவருக்கு அந்தப் பக்கம்.
அவளை நான் எழுதவில்லை.

பன்னிரண்டு மணி மருந்தோடு உண்ணாமலை வந்தாள்.
"அண்ணாந்து பாருங்க."
பார்த்தேன்.
வளவுக்கு மேலே சதுரமாய் வெயில்.
"இதெ அப்ப நீ படிச்சியா?"
"எதெ?"
"இந்தக் கதையெ."
ஒரு சொட்டு விழுந்தது.
"பதினஞ்சு ரூவா மணியார்டர் வந்துச்சுல்ல.
தபால்காரர் கையெழுத்துக் கேட்டாரு. போட்டேன்."

அந்தப் பணத்தில்
எனக்கு ஒரு பேனா வாங்கினேன்.

"ஒண்ணுமே சொல்லலையே நீ."
"என் பேர்ல வந்திருக்கு.
நான் என்னத்தெச் சொல்ல?"

பஞ்சால் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.
"கோயில்ல ரெண்டு பேரு கேட்டாக,
ஒங்க வீட்டுல அடிப்பாகளான்னு.
இல்லைன்னேன்.
நம்பலெ."

மூடியைத் திருகினாள்.
"ரெண்டு நிமிசம் கண்ணெத் தொறக்காதீக."

இரண்டையும் மூடிக்கொண்டேன்.
மடியிலிருந்து பத்திரிகை போனது.
தாள் புரளும் சத்தம்.
படிக்கிறாளா,
பெட்டிக்குள் வைக்கத் தூசி தட்டுகிறாளா?

"தொறக்கலாமா?"

"இன்னும் ஆகலெ."